நான் சொன்ன காரணங்கள்

நான் சொன்ன காரணங்கள் ஏறக்குறைய எல்லாமே உண்மை. பச்சைப் பொய் சொல்லியிருந்தால் வீட்டில் யாராவது ஒருவர் என்னை மடக்கியிருப்பார். டி.ஃபார்ம் படித்துவிட்டு இருபது வருடத்துக்கும் மேலாக மருந்துக்கடையில் நிற்கிற ஒருத்தி ஒரு மாத்திரையின் கெடுதல்களை வரிசையாகச் சொல்லும்போது யார் எதிர்த்துப் பேசுவார்கள்? அம்மா தலையை ஆட்டினாள். மாமா, "அவளுக்குத் தெரியாத மருந்தா?" என்றார். கடைசியில் தம்பியும் "சரிக்கா" என்றான். அந்த "சரிக்கா"வைத்தான் இத்தனை நாளும் எல்லோரிடமும் எனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், அவன் சம்மதத்தோடுதான் நடந்தது என்று.

நடந்தது இது. வலி மாத்திரை போதைக்கு அடிமையாகி, அதிலிருந்து மீள மருத்துவர் கொடுத்த மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டு ஒழுங்காக வேலைக்குப் போய்வந்த என் தம்பியை, அந்த மருந்தை விட வைத்தேன். அவனுக்குப் பெண் பார்த்திருந்தோம். நிச்சயதார்த்தத்துக்குள் அவன் எந்த மாத்திரையும் சாப்பிடாத மாப்பிள்ளையாக வேண்டும் என்று நினைத்தேன். சம்பந்தம் என் நாத்தனார் வழியில் வந்தது. விஷயம் வெளியே தெரிந்தால் தலைகுனிய வேண்டியவள் நான்தான். இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. மருந்தின் கெடுதல்களைச் சொன்னேன்.

அவனுக்குப் பழக்கம் வந்த கதை புதிதல்ல. பைக் விபத்து, தொடை எலும்பில் கம்பி, வலிக்கு டிரமடால். எலும்பு கூடிய பிறகும் மாத்திரை நிற்கவில்லை. 2018இல் டிரமடாலைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்ததும் கடைகளில் கெடுபிடி கூடியது. அந்த இடத்தில் டபென்டடால் வந்து உட்கார்ந்தது. அதுவும் வலி மாத்திரைதான். பொடித்து, தண்ணீரில் கரைத்து, ஊசியில் ஏற்றிக்கொள்கிற வழக்கம் சென்னைப் பையன்களிடம் பரவியது. செய்தித்தாளில் "போதை மாத்திரை விற்ற வாலிபர்கள் கைது" என்று அடிக்கடி வருமே, பாதிக்கு மேல் இந்தச் சரக்குதான். மாத்திரையை உருட்டிச் சேர்க்கப் போடுகிற மாவும் பசையும் இரத்தக் குழாய்க்குள் போக வேண்டிய பொருளல்ல. நரம்பு கெட்டியாகும், சீழ் பிடிக்கும். என் தம்பி சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டையோடு திரிந்தபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. கடையில் நின்று ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறவள் நான்.

முதலில் ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் பூட்டிவைத்தோம். வெளியே வந்தவன் சில வாரம்கூடத் தாங்கவில்லை. மறுபடி சேர்த்தோம், மறுபடி அதே கதை. ஒவ்வொரு முறையும் அவன் சத்தியம் செய்தான், நாங்கள் நம்பினோம், பிறகு அவனைத் திட்டினோம். சத்தியத்தில் குறை இருந்ததாக இப்போது எனக்குத் தோன்றவில்லை. சேர்க்கும்போது இருந்த உடம்புக்கும் வெளியே விடும்போது இருந்த உடம்புக்கும் உள்ள வித்தியாசத்தை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. போதையை நிறுத்திச் சில நாளில் உடம்பு அதன் தாங்குசக்தியை இழந்துவிடும். பழைய அளவையே மறுபடி ஏற்றினால் மூச்சு நின்றுபோகலாம். அபின் வகைப் பழக்கம் உள்ளவர்களுக்கு உயிராபத்து மிக அதிகமான காலங்களில் ஒன்று, "விட்டுவிட்டேன்" என்று சொன்னதற்கு அடுத்த சில வாரங்கள்.

பிறகுதான் ஓர் அரசு மருத்துவமனையின் ஓ.எஸ்.டி. சென்டருக்கு, அதாவது போதைக்கு மாற்று மருந்து கொடுக்கும் இடத்துக்கு, போனோம். ஊசியைப் பகிர்ந்துகொள்வதால் எச்.ஐ.வி. பரவுவதைத் தடுக்க, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில், அதாவது 2007க்குப் பிறகு, அரசு எடுத்து நடத்தத் தொடங்கிய மையங்கள் இவை. மருந்து இலவசம். கொடுப்பது பியூப்ரெனார்ஃபின். அதுவும் அபின் வகைதான், அதை யாரும் மறைக்கவில்லை. மூளையில் இந்தப் போதைப்பொருள்கள் போய் ஒட்டுகிற இடங்களில் இது மற்றவற்றைவிட இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டினாலும் அவை தூண்டுகிற அளவுக்குத் தூண்டாது. போதை இறங்கும்போது வரும் உடம்பு முறுக்கல் நிற்கும், ஏக்கம் அடங்கும், மேலே வேறு எதையாவது ஏற்றினாலும் அவ்வளவாகப் பிடிக்காது. ஓர் அளவுக்கு மேல் கொடுத்தாலும் மூச்சை அடக்கும் தன்மை அதற்கேற்பக் கூடிக்கொண்டே போவதில்லை. ஹெராயினுக்கும் டபென்டடாலுக்கும் இல்லாத நல்ல குணம் இது.

முதல் நாளே கோளாறு ஆனது. கடைசியாக எப்போது ஊசி போட்டாய் என்று கேட்டதற்கு, முந்தைய நாள் என்று பொய் சொல்லிவிட்டான். உண்மையில் அன்று விடிகாலையில் போட்டிருந்தான். உடம்பில் பழைய சரக்கு இருக்கும்போது பியூப்ரெனார்ஃபின் போனால் அது அந்தச் சரக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தான் உட்காரும். கொட்டாவி, மூக்கில் தண்ணீர், வாந்தி, வயிற்றுப்போக்கு, எல்லாம் ஒரே நேரத்தில் வந்துவிட்டன. சென்டர் பெஞ்சில் சுருண்டு படுத்துக்கொண்டு, "இந்த மாத்திரைதான்கா என்னைக் கொல்லுது" என்றான். இப்படி ஆகக் கூடாது என்பதற்காகத்தான் பன்னிரண்டு மணி நேரமாவது, சில மருந்துகளுக்கு ஒரு நாளுக்கும் மேல் காத்திருந்து, முறுக்கல் தொடங்கிய பிறகே முதல் மாத்திரையை வைக்கிறார்கள். தவறு அவன் சொன்ன நேரத்தில்தான். ஆனால் என் மனதில் அந்த மருந்தின் மேல் ஒரு குறை அன்றைக்கே பதிந்துவிட்டது.

இரண்டாம் முயற்சி சரியாக அமைந்தது. தினமும் வேலைக்குப் போகும் வழியில் சென்டருக்குப் போவான். நர்ஸ் மாத்திரையைப் பொடித்து நாக்குக்கு அடியில் வைத்து, கரையும்வரை எதிரே உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்குவார். விழுங்கினால் பயனில்லை. மருந்தின் பெரும்பகுதியைக் கல்லீரல் அழித்துவிடும். ஏ.சி. மெக்கானிக் வேலையை மறுபடி பிடித்தான். கடன் கொடுத்தவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினான். அம்மாவின் பீரோவுக்குப் பூட்டு தேவைப்படவில்லை. சட்டையை மடித்துவிட ஆரம்பித்தான். சில மாதம் கழித்து டாக்டர் நம்பி, இரண்டு மூன்று நாளுக்கான மாத்திரையை வீட்டுக்கே கொடுத்தார். அதை நான் வாங்கிவைத்துப் பூட்டிக் கொடுத்தேன். தினமும் எண்ணினேன். அவன் நன்றாக இருக்கிறானா என்று பார்ப்பதற்குப் பதில், மாத்திரை எத்தனை மிச்சம் என்று பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது அப்போதுதான்.

இனி என் காரணங்கள்.

முதலாவது, எனக்கு அந்த மருந்தின் மேல் இருந்த பழைய அருவருப்பு. தொண்ணூறுகளின் கடைசியில் நான் வேலை கற்ற கடைக்குப் பையன்கள் சீட்டு இல்லாமல் வருவார்கள். ஆம்பூல் கேட்பார்கள். பியூப்ரெனார்ஃபின் ஊசி மருந்து. ஹெராயின் கிடைக்காதபோதும், விலை கட்டாதபோதும் சென்னையில் பலர் அதைத்தான் போட்டுக்கொண்டார்கள். ஒரே ஊசியை நாலு பேர் மாற்றிக்கொண்டு எச்.ஐ.வி. வாங்கியவர்கள் உண்டு. முதலாளி "கொடு" என்பார், நானும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதே பெயரை என் தம்பியின் சீட்டில் பார்த்தபோது வந்த கோபத்தில் பாதி என்மேல் வந்திருக்க வேண்டியது. வீட்டில் நான் சொன்னது, "இது ரோட்ல ஊசி போட்டுக்குற மருந்துமா." உண்மைதான். வாயில் வைக்கும் மாத்திரையில் நலாக்சோன் சேர்த்த வகை வந்தது இதற்காகத்தான் என்பதையும், நாக்கடியில் வைக்கும்போது சும்மா இருக்கிற நலாக்சோன் ஊசியில் ஏற்றினால் போதையைத் தடுத்துவிடும் என்பதையும் சொல்லவில்லை.

இரண்டாவது, அடிமைத்தனம். "ஒண்ண விட்டுட்டு இன்னொண்ணுக்கு அடிமையாகிட்டான்" என்றேன். பியூப்ரெனார்ஃபினுக்கு உடம்பு பழகத்தான் செய்கிறது. திடீரென நிறுத்தினால் முறுக்கல் வரும், ஹெராயின் அளவுக்குக் கடுமையாக இருக்காது, ஆனால் இழுத்தடிக்கும். டாக்டரிடமும் இதையே கேட்டேன். "எத்தனை நாளைக்கு மேடம்? ஒரு தேதி சொல்லுங்க." அவர், "பி.பி. மாத்திரைக்குத் தேதி கேப்பீங்களா?" என்றார். அந்த ஒப்பீட்டை இன்றைக்கும் என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. பி.பி. மாத்திரையை மறந்தவனுக்குக் கொட்டாவியும் வாந்தியும் வராது, அதை யாரும் சந்தில் நின்று விற்கவும் மாட்டார்கள். ஆனால் டாக்டர் அடுத்துச் சொன்னதை நான் வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை: "அவருக்கே நிறுத்தணும்னு தோணினா, மாசக்கணக்கில மெதுவா குறைக்கலாம். நடுவுல கஷ்டமா இருந்தா திரும்ப ஏத்திக்கலாம். கல்யாணத்துக்காக மட்டும் பண்ணாதீங்க."

மூன்றாவதாகச் சில்லறைக் காரணங்கள். மலச்சிக்கல், வியர்வை, ஆண்மைச் சுரப்பு குறைய வாய்ப்பு. கடைசியை மாமாவிடம் மட்டும் சொன்னேன், கல்யாணம் பேசும் வீட்டில் அது எப்படி வேலை செய்யும் என்று தெரிந்தே சொன்னேன். பற்கள்: வாயில் கரையும் பியூப்ரெனார்ஃபினால் பல் சொத்தையாகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 ஜனவரியில் எச்சரித்திருந்தது. அதை மொபைலில் எடுத்து அம்மாவிடம் காட்டினேன். அதே அறிவிப்பில், நன்மை இந்தக் கெடுதலைவிட அதிகம், மருந்தை நிறுத்த வேண்டாம் என்றும் இருந்தது. மாத்திரை கரைந்ததும் தண்ணீரால் கொப்பளித்து, ஒரு மணி நேரம் கழித்துப் பல் துலக்கச் சொல்லியிருந்தது. அந்த வரிகள் வருவதற்குள் மொபைலை மூடிவிட்டேன்.

ஓர் இடத்தில் முழுசாகவே ஏமாற்றினேன். மெத்தடோன் என்றொரு மருந்து உண்டு. 1965இல் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இருவர் அதைக் கொடுத்து ஹெராயின் அடிமைகளை வேலைக்கும் படிப்புக்கும் திருப்பிக் காட்டினார்கள். இந்தச் சிகிச்சை முறையின் நவீன வரலாறே அங்குதான் தொடங்குகிறது. மெத்தடோன் பியூப்ரெனார்ஃபினைவிட வலுவானது, மோசமான நிலையில் இருப்பவர்களையும் பிடித்துவைக்கும். அதற்கேற்ற ஆபத்தும் உண்டு. ஆரம்ப வாரங்களில் அளவு தவறினால் மூச்சு அடங்கும், இதயத் துடிப்பின் தாளம் கெடலாம், ஈ.சி.ஜி. பார்க்க வேண்டிவரும். இதையெல்லாம் படித்து, என் தம்பி தொட்டே பார்க்காத மெத்தடோனின் ஆபத்துகளை அவன் சாப்பிடும் மருந்தின் தலையில் ஏற்றிச் சொன்னேன். "ஹார்ட்டுக்கு ஆகாது" என்றதும் அம்மா அழுதாள்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். எனக்கு எதிரான ஆதாரத்தை நான் பார்க்காமல் இல்லை. ஸ்வீடனில் நடந்த ஓர் ஆய்வு, 2003இல் லான்செட் இதழில் வந்தது. ஹெராயின் பழக்கம் உள்ள 40 பேர். 20 பேருக்கு ஒரு வருடம் தொடர்ந்து பியூப்ரெனார்ஃபின். மீதி 20 பேருக்கு ஆறு நாளில் அதைக் குறைத்து நிறுத்திவிட்டு, பிறகு மருந்தில்லாத போலி மாத்திரை. ஆலோசனை இரு தரப்புக்கும் ஒரே மாதிரி. வருடக் கடைசியில் மருந்து பெற்றவர்களில் 75 சதவீதம் பேர் சிகிச்சையில் இருந்தார்கள். நிறுத்தப்பட்டவர்களில் ஒருவர்கூட இல்லை. அவர்களில் நான்கு பேர் இறந்திருந்தார்கள், மருந்து பெற்றவர்களில் யாரும் இறக்கவில்லை. இதைப் படித்தேன். நிச்சயதார்த்தத் தேதி குறிப்பதற்கு முன்பே படித்தேன். "அது ஹெராயின், நம்ம பையன் வெறும் மாத்திரைதானே" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பக்கத்தை மூடினேன். 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் மெத்தடோனும் பியூப்ரெனார்ஃபினும் இருப்பதும் எனக்குத் தெரியும். பரீட்சை எழுதுகிறவளுக்குத் தெரிவது போலத் தெரியும்.

சென்டரில், தம்பிக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது என்றேன். அங்கேயே பக்கத்தில் எங்காவது மாற்றித் தருகிறோம் என்றார்கள். போய்ச் சேர்ந்ததும் சொல்கிறோம் என்று சமாளித்து, கையில் ஒரு வாரத்துக்கான மாத்திரையோடு வந்துவிட்டேன். அதற்கு முன்பே மூன்று நாள் மாத்திரையை ஆறு நாளுக்கு ஓட்டிக் கொஞ்சம் சேர்த்துவைத்திருந்தேன். பாதி, கால், அரைக்கால் என்று வெட்டி, மாதக்கணக்கில் செய்ய வேண்டியதைச் சில வாரத்தில் முடித்தேன். முழுதாக நின்ற பிறகு ஒரு வாரம், பத்து நாள் இடைவெளி விட்டு நால்ட்ரெக்சோன் தொடங்குவது என் திட்டம். அதில் போதையே கிடையாது, மூளையில் போதைப்பொருள் ஒட்டுகிற இடங்களை அடைத்துக்கொண்டு வேறெதையும் ஒட்டவிடாது. கேட்பதற்கு எவ்வளவு கௌரவமான மருந்து! நடைமுறையில் பலர் அதை இடையிலேயே விட்டுவிடுகிறார்கள். விட்டவனின் உடம்பில் தாங்குசக்தியும் இருக்காது, தடுப்பும் இருக்காது. அதற்கும் நேரம் வரவில்லை. வாங்கிய அட்டை பிரிக்காமலே கிடந்தது.

பேதிக்கு மருந்து கொடுத்தேன், கைகால் வலிக்குக் கொடுத்தேன். தூக்கம்தான் வரவில்லை. இரவெல்லாம் மொட்டை மாடியில் நடந்தான். காலை உதறிக்கொண்டே இருந்தான். "ஒரே ஒரு ராத்திரி தூங்கினா போதும்கா" என்றான். நான் கடையிலிருந்து குளோனசெபாம் கொண்டுவந்தேன். சீட்டு இல்லை. இந்த வகைத் தூக்க மாத்திரையை விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் பதிவேட்டில் ஏறவேண்டும். எங்கள் கடைக்கு மாதாமாதம் வரும் ஒரு பெரியவரின் பெயரில் எழுதினேன்.

அபின் வகையும் இந்தத் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் மூச்சு அடங்கிச் சாவு வரலாம். பியூப்ரெனார்ஃபினுக்கு மூச்சு விஷயத்தில் ஒரு பாதுகாப்பு உண்டு என்று மேலே சொன்னேனே, அந்தப் பாதுகாப்பையே உடைக்கக்கூடியவை இந்த மாத்திரைகளும் சாராயமும்தான். பிரான்சில் 1996இல் சாதாரண மருத்துவர்களையே பியூப்ரெனார்ஃபின் எழுத அனுமதித்த பிறகு போதை மிகையால் வரும் சாவுகள் நான்கு வருடத்தில் முக்கால் பங்குக்கும் மேல் குறைந்தன. அதே பிரான்சில், அந்த மருந்தோடு தூக்க மாத்திரையைக் கலந்து செத்தவர்களும் இருந்தார்கள். அம்மாவிடமும் மாமாவிடமும் நான் அடுக்கிய அத்தனை ஆபத்துகளிலும் இது இல்லை. இதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்னிடம் வரும்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பத்திரிகை அடித்து வந்திருந்தது. தம்பி சாயங்காலம் வெளியே போய்விட்டு வந்து, சாப்பிடாமல் படுத்தான். ராத்திரி அம்மா எனக்குப் போன் செய்தாள். குரலில் அவ்வளவு நிம்மதி. "எத்தனை நாளாச்சும்மா, நல்லா கொறட்ட விட்டுத் தூங்குறான்." நான், "தூங்கட்டும்மா, எழுப்பாத" என்றேன்.

அந்தக் குறட்டை என்னவென்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூச்சுப் பாதை சரிந்து, காற்று திணறித் திணறிப் போகும் சத்தம் அது. மிகை அளவில் கிடப்பவர்களைத் தூங்குகிறார்கள் என்று வீட்டார் விட்டுவிடுவது ஊர் ஊராக நடப்பது. போனை வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவினேன். ஏன் கிளம்பிப் போனேன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த தெருதானே, ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போயிருப்பேன். உதடு நீலம். கண்மணி சுருங்கியிருந்தது. கன்னத்தில் அறைந்தும் அசைவில்லை.

காஷுவாலிட்டியில் போதையைத் தடுக்கும் நலாக்சோனைப் போட்டார்கள். மூச்சு கொஞ்சம் ஏறியது, ஆள் விழிக்கவில்லை. பணி மருத்துவர் சின்னப் பையன். "வேற ஏதாவது எடுத்தாரா? தூக்க மாத்திரை?" என்று கேட்டான். "தெரியலைங்க" என்றேன். மறுபடி நலாக்சோன். பலனில்லை, ஏனென்றால் நலாக்சோன் தூக்க மாத்திரையை ஒன்றும் செய்யாது. எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டு நின்றேன். மனதில் ஓடியது எல்லாம் பதிவேடு, அந்தப் பெரியவரின் பெயர், என் லைசென்ஸ். டியூப் போட வேண்டும் என்று கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டியபோதுதான் சொன்னேன். கால் மணி நேரம் இருக்கும். "எவ்வளவு மில்லிகிராம்?" என்றான். கேட்டுவிட்டு எழுதிக்கொண்டான். திட்டவில்லை.

தூக்க மாத்திரையை நான் முன்பே சொல்லியிருந்தாலும் சிகிச்சையில் பெரிய மாற்றம் இருந்திருக்காது, மூச்சைக் காப்பதுதான் அங்கே வைத்தியம் என்று பின்னால் தெரிந்த டாக்டர் ஒருவர் ஆறுதல் சொன்னார். இருக்கலாம். நான் வாயை மூடிக்கொண்டு நின்றபோது அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது.

பிழைத்தான். பெண் வீட்டுக்கு டெங்கு என்று சொல்லியனுப்பினேன். தட்டணு எண்ணிக்கைகூடச் சொன்னேன், நம்புவதற்காக. வார்டிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அவன் அந்தப் பெண்ணுக்கே போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ஊசி, மாத்திரை, ஓசூர், எல்லாம். சம்பந்தம் நின்றது. அந்தப் பெண் அவனிடம் மரியாதையாகத்தான் பேசினாளாம். என் நாத்தனார் வீட்டில் இன்றுவரை என்னிடம் பேச்சில்லை. நான் பயந்தது முழுக்க நடந்தேவிட்டது. நடந்த பிறகு பார்த்தால், அதைத் தாங்க முடிகிறது.

தாங்க முடியாதது வேறொன்று. சென்டரில் சேரும்போது அவனுக்குப் பரிசோதனை செய்தார்கள். எச்.ஐ.வி. இல்லை, ஹெபடைடிஸ் சி இல்லை. திரும்பச் சேர்க்கும்போது எடுத்ததில் ஹெபடைடிஸ் சி வந்திருந்தது. நான் மருந்தை நிறுத்தவைத்த இடைவெளியில் யாரோ ஒருவரின் ஊசி. 2018இல் தொடங்கிய தேசியக் கல்லீரல் அழற்சித் திட்டத்தில் சோஃபோஸ்புவிர், டக்லடாஸ்விர் இரண்டும் அரசு மருத்துவமனையில் இலவசம். 12 வாரம் சாப்பிட்டுக் குணமாகிவிட்டது. குணமாகிற நோய்தானே என்று ஒருமுறை நான் சொன்னபோது தட்டிலிருந்து எழுந்து போய்விட்டான்.

சென்டரில் யாரும் எங்களைக் கேள்வி கேட்கவில்லை. அதே நர்ஸ் மட்டும், "ஓசூர்ல குளிரா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அன்றே மருந்து தொடங்கியது. இந்த முறை தம்பி நேரத்தைச் சரியாகச் சொன்னான்.

அந்த மருந்தைப் பற்றி நான் முன்பு சொன்னதை எல்லாம் இப்போது பொய் என்று ஆக்கிவிட நினைக்கவில்லை. மலச்சிக்கல் அவனைப் படுத்துகிறது. ஒரு கடைவாய்ப் பல்லை அடைக்க வேண்டிவந்தது. மாத்திரையைப் பூட்டித்தான் வைக்க வேண்டும், ஒரு சின்னக் குழந்தை வாயில் போட்டால் ஒரே மாத்திரைகூட உயிரைப் பறிக்கலாம். பஞ்சாபில் அரசு மையங்களில் கொடுக்கும் மாத்திரை வெளியே விற்பனைக்குப் போன செய்திகள் வந்தன, இங்கேயும் போகும். தினமும் கையெழுத்து, வாய் திறந்து காட்டுதல், இதெல்லாம் வேலைக்குப் போகிறவனுக்கு அவமானமாகத்தான் இருக்கிறது. நிறுத்துவது கடினம். இவ்வளவையும் ஒரு பக்கம் வைத்தால், மறுபக்கம் இருப்பது அவன் உயிர். 2017இல் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு தொகுப்பில், வருடத்துக்கு ஆயிரம் பேர் என்று எடுத்தால், பியூப்ரெனார்ஃபின் சிகிச்சையில் இருக்கும்போது சுமார் 4 பேர் சாகிறார்கள், சிகிச்சைக்கு வெளியே இருக்கும்போது 9 பேருக்கு மேல். மெத்தடோனில் அது 11க்கு 36. நாடு முழுக்க அபின் வகைப் பழக்கத்தால் உதவி தேவைப்படுகிறவர்கள் சுமார் 77 லட்சம் என்று எய்ம்ஸ் மருத்துவர்கள் மத்திய அரசுக்காக எடுத்து 2019இல் வெளியிட்ட கணக்கு சொல்கிறது. அத்தனை வீடுகளில் எத்தனை அக்காமார் மாத்திரையை எண்ணிக்கொண்டிருக்கிறார்களோ.

பதிவேட்டு விஷயத்தைக் கடை முதலாளியிடம் சொன்னேன். "விடும்மா, அந்தப் பக்கம் முடிஞ்சு போச்சு" என்றார். மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு நான் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று சொல்லிக்கொள்கிறேன், எழுதவில்லை. வேறு ஒருவர் பெயரை வைத்துத் தூக்க மாத்திரை எடுத்தேன் என்று நான் எழுத்தில் ஒத்துக்கொள்வது இதுதான் முதல் தடவை. அந்தப் பெரியவர் இன்னும் மாதம் பிறந்தால் வருகிறார். சில்லறை சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொள்வார்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எழுப்பாத" என்று நான் சொன்னதை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. என்னிடமும் கேட்டதில்லை.

தம்பி இப்போது தனியாக வீடு எடுத்துக்கொண்டான், சென்டருக்குப் பக்கத்தில். மாத்திரை அவன் பொறுப்பு. சமீபத்தில் அவனாகவே, அளவைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்கப் போவதாகச் சொன்னான். மெதுவாக, அவர் சொல்கிற வேகத்தில். "நானும் வரட்டுமாடா?" என்று கேட்டேன். "நீ வராத. நானே பேசிக்கறேன்" என்றான். சரி என்றேன். டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் என்று நாலைந்து உடனே வாய்க்கு வந்தன. அவற்றையும் அவனிடம் சொல்லவில்லை.